கந்தசட்டியும் கலைமானும்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்லச் சுகமாக இருக்கும். என் மனிசன் சாதுவான ஆள். கோபம் வந்தால் தேவாரம் முணுமுணுப்பார். எனக்குக் கோபம் வந்தால் மேல்வீட்டு ஹெயிட்டிக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் சுவர்கள் அப்படி.

துறைமுகப் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் உறைந்த மீன்பெட்டி அடுக்குகிறது என் வேலை. ஒரு மாரிக்காலத்தில் வலது தோள்மூட்டு இறுகிப் போனது. கையைத் தூக்கித் தலைமயிர் கட்ட முடியாது. டாக்குத்தர் ஒரு ரப்பர் பட்டியைத் தந்து, கதவுப்பிடியில் கட்டி இழுக்கச் சொன்னார். மூன்று நாள் இழுத்தேன். நாலாம் நாள் கதவுப்பிடி கையோடு வந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரரோடு அதற்கு ஒரு கிழமை சண்டை பிடித்தேன்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கியூபெக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மணித்தியால ஓட்டத்தில், அவருக்கு ஒரு சின்னப் பண்ணை: நாலு மாடு, ஒரு சோளக்காணி, பின்னால் காடு. அவரைப் பண்ணைக்காரர் என்றே சொல்கிறேன். நான் தோளைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கண்ட மனிதர், ஒரு மத்தியானம் தன் பிக்கப்பிலிருந்து வில் ஒன்றை எடுத்துக் கையில் தந்தார். இப்போதைய வில்லுகளில் இருக்கும் சக்கரம், குறி பார்க்கும் கண்ணாடி ஒன்றும் அதில் இல்லை. வளைந்த மரமும் நாணும்தான். இழுத்தேன். பாதி வந்தது. வலியில் கண்ணீரும் வந்தது. ஆனால் அடுத்த நாளும் கேட்டு வாங்கி இழுத்தேன்.

அம்பை விடும்போது யாரையாவது மனதில் நினைக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அது தானாக வந்தது. முதலில் எங்கள் மேற்பார்வையாளர். பிறகு, எந்தக் கலியாணவீட்டில் கண்டாலும் "நல்லாய் உடம்பு வைச்சிட்டீர்" என்று சொல்லும் என் மச்சாள். இளவேனில் வரும்போது என் தலைமயிரை நானே கட்டினேன், இழுக்க நாற்பது இறாத்தல் பலம் வேண்டிய வில்லை முழுதாக இழுத்தேன், வீட்டில் சத்தமும் குறைந்திருந்தது. படியில் கண்ட மேல்வீட்டுக்காரர், ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார். சம்பளத்தில் சொந்தமாக ஒரு வில் வாங்கினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கென்று நான் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு, அல்லது அடுப்படிக்கு.

இலக்குப் பலகையோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் பிரச்சினை இல்லை. நான் வேட்டைக்குப் படித்தேன், சோதனை எழுதினேன், அனுமதிச்சீட்டு எடுத்தேன். பண்ணைக்காரரின் காட்டில் இரண்டு வருசம் மரத்தில் ஏறி இருந்து, ஒரு மானையும் விழுத்தாமல் இரண்டு தடவையும் தடிமனும் தும்மலுமாகத் திரும்பி வந்தேன்.

என் மனிசன் கோயிலில் அன்னதானச் சமையலைப் பார்க்கிறவர். அங்கே சனம் அவரைப் பகிடி பண்ணத் தொடங்கியது. "அண்ணை, வேடிச்சி சுகமோ?" என்று கேட்டார்களாம். அவர் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"இஞ்சேர், உந்தக் கண்டறியாத வில்லை விடன். சனம் சிரிக்குது. பாவமும் கூட."

"முருகனே வேடனாய்த்தானே வள்ளியிட்டை வந்தவர்? அவருக்குப் பாவமில்லையோ?"

"அவர் மானைத் தேடி வந்தது நடிப்பு."

"நானும் ரெண்டு வருசமாய் நடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஒண்டும் விழேல்லை."

அவர் சிரிக்கவில்லை. கோயில் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பது போலச் சொன்னார்: "சரி. இந்த முறை ஒரு மான் விழுந்தால் நான் பேந்து வாய் திறக்கமாட்டன். விழாட்டி வில் இந்த வீட்டை விட்டுப் போகவேணும்."

மான் விழாது என்பது அவருடைய கணக்கு. எனக்கு அது விளங்கியது. விளங்கியபடியால்தான் கோபம் வந்தது. கோபத்தில் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். வில்லில்லாமல் நான் திரும்பவும் அந்தப் பழைய ஆளாகிவிடுவேன் என்று உள்ளுக்குள் பயம்.

கார்த்திகைப் பக்கம் கலைமான்களுக்குப் பெட்டைமான் தேடும் காலம். வருசம் முழுக்க ஒரு சருகு அசைந்தால் ஓடி ஒளியும் மிருகம், அந்த இரண்டு மூன்று கிழமை புத்தி கெட்டுத் திரியும். கழுத்து வீங்கி, மூக்கை நிலத்தில் வைத்து, பெட்டைமானின் மணம் எங்கே போகிறதோ அதன் பின்னால் பட்டப்பகலிலும் வரும். அடித்தால் அப்போதுதான் என்றார் பண்ணைக்காரர். எனக்கு லீவு கிடைத்தது வியாழன், வெள்ளி, சனி. அந்த வருசம் கந்தசட்டி பிந்தி வந்து சரியாக அந்தக் கிழமையில் விழுந்தது. சனிக்கிழமை கடைசி நாள், சூரன்போர்.

"ஆறு நாளும் நான் விரதம் இருக்க, நீ போய் உயிர் எடுக்கப் போறியோ?" என்று மனிசன் கேட்டார்.

"உங்கடை விரதம் உங்களுக்கு. சூரன்போருக்கு ஆறு மணிக்குக் கோயிலிலை நிப்பன். நீங்களே பண்ணைக்கு வந்து ஏத்திக்கொண்டு போங்கோ."

அந்த அளவில் சமாதானம் ஆனது.

இனிப் போத்தல் விசயம். மானுக்கு ஆசை காட்ட, பெட்டைமானின் மூத்திரம் போல மணக்கும் திரவம் ஒன்று கடையில் விற்கிறார்கள். அசல் மூத்திரம் இங்கே சட்டப்படி கூடாது. இது மருந்துச் சாமான்களில் செய்தது. ஒரு துணியில் நனைத்து மரத்தடியில் கட்டித் தொங்கவிட்டால் கலைமான் தேடி வரும். ஆனால் கடைப்போத்தலில் ஒட்டியிருந்த படத்தில் கலைமானும் பெட்டைமானும் நின்ற நிலை, சாமிப்படம் உள்ள வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியதாக இல்லை. அதனால் திரவத்தை ஒரு ஜாம் போத்தலுக்கு மாற்றி, பிரிட்ஜ் கதவில் வைத்தேன்.

அதே நேரம் என் மனிசனுக்குக் கோசலம் தேவைப்பட்டது. அதற்கு முந்தின கிழமை ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்திருந்தார். துடக்குக் கழித்து, வீடு முழுக்கத் தெளித்துவிட்டுத்தான் விரதம் தொடங்க வேண்டும். மொன்றியலில் பசுமூத்திரத்துக்கு எங்கே போவது? "உன்ரை பண்ணைக்காரரிட்டை மாடு நிக்குதெல்லே? ஒருக்காக் கேளன்" என்றார். கிடங்கின் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் என் அரைகுறை பிரெஞ்சில் கேட்டேன். மற்றவர்கள் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்கள். பண்ணைக்காரர் மட்டும் முகம் மாறாமல், எத்தனை லீற்றர் வேண்டும் என்று கேட்டார். அடுத்த நாள் கொண்டுவந்தார். அதுவும் ஒரு ஜாம் போத்தல். என்னிடமிருந்த போத்தலும் அவர் மனைவி முன்பு ஜாம் போட்டுத் தந்ததுதான்.

"இடப்பக்கம் நிக்கிறது உங்கடை, வலப்பக்கம் நிக்கிறது என்ரை" என்று பிரிட்ஜைத் திறந்து காட்டி மனிசனுக்குத் தெளிவாகச் சொன்னேன். அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் விரதத்துக்கு முதல்நாள், மீனும் இறைச்சியும் இருந்த பிரிட்ஜ் என்று சொல்லி, அதிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறார். பக்தியோடு செய்த வேலை. நான் அப்போது வேலையில் நின்றேன்.

திங்கட்கிழமை காலை வெற்றிலையால் தொட்டுத் தொட்டு வீடு முழுக்கத் தெளித்தார். சாமியறை, கட்டில், கதவுநிலை எல்லாம் முடிந்து, செத்தவீட்டுக்குப் போட்டுப்போன குளிர் ஜாக்கெட்டுக்கும் சப்பாத்துக்கும் தாராளமாகவே ஊற்றினார். அவரிடம் வேறு ஜாக்கெட் இல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் கோயிலுக்கு வெளிக்கிட முன் இன்னொரு தெளி. மீன்பெட்டிக்குள் காலம் தள்ளுகிறவளின் மூக்கு எனக்கு. என்ன நாற்றம் என்று ஒருதரம் கேட்டேன். "கோசலமெண்டால் மணக்காமல்?" என்றார். விட்டுவிட்டேன்.

வியாழன் விடியப் பண்ணைக்காரர் பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவர் வீட்டு மேலறையில் தங்கினேன். காலையும் பின்னேரமும் சோளக்காணி விளிம்பில் ஒரு மேப்பிள் மரத்தில் சாத்திய ஏணிக்கதிரையில் இருந்தேன். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அந்த இருக்கை. மரத்தடியில் என் போத்தலிலிருந்து நனைத்த துணி தொங்கியது. வியாழன் ஓர் அணில் வந்தது. வெள்ளி அதே அணில் வந்தது. சனி காலை பண்ணைக்காரரின் நாய் வந்து துணியை மணந்து பார்த்து, காலைத் தூக்கிவிட்டுப் போனது. விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, கண்ணுக்கு முன்னால் என் வில் வீட்டை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முருகா, உனக்கு ஒரு மான் பெரிசோ என்று வாய்விட்டுக் கேட்டேன். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மனிசனுக்குத்தான் நீ உதவி செய்வாய் என்றும் ஏசினேன்.

மத்தியானம் பண்ணைக்காரர் சூப் கொண்டு வந்தார். துணியைப் பார்த்தார், கிட்டப் போய் முகர்ந்தார், என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இது என் கறுப்பு மாடு" என்றார்.

நான் போத்தலைக் கொடுத்தேன். திறந்து மணந்து, சந்தேகமில்லை, கறுப்பு மாடுதான் என்றார். சூப் தொண்டையில் இறங்கவில்லை. மூன்று நாள் கலைமானுக்குப் பசுமாட்டைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்! அப்படியென்றால் மற்றப் போத்தல்? ஐயோ. சாமியறை. கட்டில். ஜாக்கெட்.

பண்ணைக்காரர் மனைவியோடு கடைக்குப் போய்விட்டார். நான் கைபேசியை எடுத்து மனிசனுக்கு அடித்தேன். பதிலில்லை. திரும்ப அடித்தேன், அதே கதைதான். மனிசன் காரில் கவசம் பாடிக்கொண்டு வந்துகொண்டிருப்பார். பாடும்போது போன் எடுக்கமாட்டார். வரட்டும், இண்டைக்கு இருக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திக் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். அவர் வந்து சேரும் வரைக்கும்தான் எனக்கு நேரம். அதற்குள் ஒரு மான் வராவிட்டால் முடிந்தது.

மூன்று மணிக்குக் கிட்ட, வெட்டி முடித்த சோளக்காணியின் அந்தக் கரையில் ஓர் உருவம் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி, குளிர் ஜாக்கெட், அதற்குக் கீழே வேட்டி, வேட்டிக்குக் கீழே பனிச் சப்பாத்து. பண்ணைவீட்டில் ஒருவரும் இல்லையென்று மனிசன் என்னைத் தேடி நடந்து வருகிறார். ஆறாம் நாள் விரதம். ஆள் மெலிந்து, சோளக்கட்டைகளுக்குள் தடுக்கித் தடுக்கி வருகிறார். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவருக்கு ஐம்பதடி பின்னால், அவர் வந்த தடத்திலேயே, ஒரு கலைமான் வந்துகொண்டிருந்தது.

அப்படியொன்றை நான் அதுவரை கண்டதில்லை. கொம்பில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து கிளை. கழுத்து என் இடுப்பளவு. மூக்கை நிலத்தில் தேய்த்து, அவர் சப்பாத்து பட்ட ஒவ்வோர் இடத்தையும் மணந்து, பன்றி மாதிரி உறுமி, இடைக்கிடை மேலுதட்டைச் சுருட்டி ஆகாயத்தைப் பார்த்து நின்று, பிறகு அவசரமாக நடந்தது. முன்னால் போனவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் நின்றால் அது நின்றது. அவர் நடந்தால் அது நடந்தது. எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்து ஏணி ஆடியது.

அவர் என் மரத்தைக் காணாமலே தாண்டி, காட்டுப் பாதையில் இருபதடி போய், "எங்கையப்பா நிக்கிறாய்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டபடி திரும்பினார். அந்த நேரம் கலைமான் என் மரத்தடிக்கு வந்துவிட்டது. பதினைந்து அடி. பக்கவாட்டில் நின்றது. நான் எப்போது நாணை இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. பெருவிரல் தாடையில் முட்டி நின்றது. தோளில் வலி இல்லை. விட்டால் விழும். என் வாழ்க்கையில் ஒரு குறி அவ்வளவு சரியாக நின்றதில்லை.

ஆனால் மானுக்கு அந்தப் பக்கம், நேர்கோட்டில், என் மனிசன்.

அவர் முதலில் மானைக் கண்டார். முகம் வெளிறியது. பிறகு அதற்கு மேலே, மரத்தில், வில்லோடு என்னைக் கண்டார். நான் வில் இழுத்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இவ்வளவு வருசத்தில் ஒருதரமும் வந்து பார்த்ததில்லை. அண்ணாந்து அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். என் கண்ணையும், அம்பையும், மானையும் பார்த்தார். தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஒரு தும்மல் தும்மியிருந்தால் மான் போயிருக்கும், வில்லும் போயிருக்கும், விரதமும் பங்கமில்லாமல் முடிந்திருக்கும். மனிசன் அதைச் செய்யவில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், இடப்பக்கம் ஒரு அடி விலகினார். மான் காதைத் திருப்பியது. இன்னுமொரு அடி. இன்னும் ஒன்று வைத்தால் எனக்கு வழி திறக்கும். நாணை இழுத்தபடியே பிடித்திருந்தேன். மூன்றாவது அடியை, மெல்லிய பனிக்கட்டி மூடிய ஒரு தண்ணிக்குழிக்குள் வைத்தார்.

சடக்.

மான் அந்தரத்தில் திரும்பியது. வெள்ளைவால் ஒருமுறை தெரிந்தது, பிறகு மரங்கள் மட்டும்தான். அம்பு என் நாணிலேயே இருந்தது. மெதுவாக இறக்கினேன்.

பிறகு நான் ஏசியதை எழுதினால் அச்சடிக்கிறவர் வேலையை விட்டுப் போவார். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒன்று. கோதாரி, கண் தெரியாதோ, ஆறு நாள் பட்டினி கிடந்து காலும் குருடாய்ப் போச்சோ, ரெண்டு வருசம், மூண்டு நாள், பதினைஞ்சு அடி! அவர் முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"நீ விடட்டும் எண்டுதானேயப்பா விலகினனான்" என்றார்.

அடுத்து ஏச வைத்திருந்ததெல்லாம் அப்படியே உள்ளே நின்றது. அழுகை வந்தது, மூக்கு ஒழுகுகிறது போலத் துடைத்துக்கொண்டேன்.

காரில் ஹீட்டரைப் போட்டதும் மணம் எழும்பியது. இனி மறைக்க வழியில்லை. போத்தல் கதையைச் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப சாமியறையிலை தெளிச்சது?"

"மூத்திரம் இல்லையப்பா, மருந்துச் சாமான். பயப்பிடாதேங்கோ."

"மூத்திரம் இல்லையோ? அப்ப துடக்கும் கழியேல்லையே!" என்று இன்னும் பதறினார். கொஞ்சம் போன பிறகு, "அந்த மான் என்னைப் பாத்தோ வந்தது?" என்றார்.

"உங்களைத்தான்."

"என்னை என்னெண்டு நினைச்சு?"

சொன்னேன். மனிசன் காதுவரை சிவந்து போனார். பாலம் கிட்ட வந்தது. தூரத்தில் நகரத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கின. பின் சீற்றில் வில் கிடந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியவள் நான்தான். அதை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மான் விழேல்லை. நாளைக்கே வில்லைப் பண்ணைக்காரரிட்டைக் குடுத்துவிடுறன்."

பாலத்தில் வாகனங்கள் நெருங்கி ஊர்ந்தன. அவர் வலக்கையால் நனைந்த வேட்டியைப் பிழிந்து, ஹீட்டர் காற்றுக்கு நேராக இழுத்துவிட்டார்.

"அடுத்த வருசம் வெள்ளனவே சொல்லு, நான் காற்சட்டை போட்டுக்கொண்டு வாறன்" என்றார். "வேட்டியோடை நடக்கேலாதப்பா, சரியான குளிர்."